டில்லிக்காரர்கள் இடது கையால் சாப்பிட்ட காலம்

குன்னம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி பூமாலையின் டீக்கடை. அதற்கு அடுத்தாற்போல் தகரம் வேய்ந்த ஒரு சின்ன அறை. அதில் உட்கார்ந்துதான் வேம்பு கிணற்று மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், கட்டிக்கொண்டிருந்தான். சுற்றுப்பட்டியில் எந்தக் கிணற்றில் மோட்டார் புகைந்தாலும், அது மாட்டுவண்டியிலோ சைக்கிள் கேரியரிலோ ஏறி அவனிடம்தான் வரும். கருகின கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செம்புக்கம்பி சுற்றி, வார்னிஷ் அடித்து, வெயிலில் காயவைத்துக் கொடுப்பான். அவன் கை பட்ட மோட்டார் லேசில் திரும்பி வராது.

அவனிடம் இருந்தது ஒரே ஒரு கோளாறுதான். "தெரியாது" என்ற சொல் அவன் வாயில் வராது.

ஒரு தடவை லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி மீன்சுருட்டிக்கு வழி கேட்டார். வேம்பு அந்த ஊரைக் கண்ணால் பார்த்தது கிடையாது. இருந்தாலும் எழுந்து வெளியே வந்து, கையை நீட்டி, ஒரு பாலம், ஒரு புளியந்தோப்பு, அப்புறம் இடது பக்கம் ஒரு திருப்பம் என்று விஸ்தாரமாகச் சொல்லி அனுப்பினான். சாயங்காலம் அதே லாரி எதிர்த்திசையிலிருந்து வந்து டீக்கடை வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி வருகிற வேகத்தைப் பார்த்ததும் வேம்பு முந்திக்கொண்டான்.

"ஏங்க, புளியந்தோப்புல திரும்பாம நேராப் போயிட்டீங்களா?"

டிரைவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

இந்தக் குணத்துக்கு ஒரு காரணம் உண்டு. வேம்புவின் அப்பா மதுரைவீரன் ஆயுசு முழுக்கப் பண்ணையில் உழைத்தவர். எந்தக் கிணற்றில் எந்த மாதம் ஊற்று வற்றும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் பண்ணைக்காரர் எதைக் கேட்டாலும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "தெரியாதுங்க" என்பார். மடையைத் திறந்தது யார்? தெரியாதுங்க. மாடு எந்தப் பக்கம் போச்சு? தெரியாதுங்க. தெரியும் என்று சொன்னவன் முதுகில்தான் அங்கே அடி விழும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில் இதைப் பார்த்துக்கொண்டே நின்ற வேம்பு, நம் குடும்பத்துக்கு வேண்டிய மட்டும் இந்தச் சொல்லை அப்பாவே சொல்லி முடித்துவிட்டார், இனி நாம் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்மானித்துக்கொண்டான். திருச்சிப் பட்டறைக்கு வேலை கற்கப் போனபோதும் "ஸ்டார்ட்டர் மாட்டத் தெரியுமாடா?" என்று கேட்டால் "தெரியும்" என்பான். பிறகு பின்பக்கமாக ஓடி, யாரையாவது பிடித்துக் கற்றுக்கொள்வான். பிழைப்பு அப்படியே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, டிவி வருகிற வரைக்கும்.

எண்பத்தஞ்சாம் வருசக் கோடையில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஆள் வந்தது. தாவூது பாய் வீட்டுக் கிணற்று மோட்டார் நின்றுபோயிருந்தது. பாய் வெகுகாலம் சிங்கப்பூரில் மளிகைக்கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்து தங்கிவிட்டவர். வேம்பு மோட்டாரைச் சரிசெய்து தண்ணீர் ஏற்றிக் காட்டியதும், பாய் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். கூடத்து மூலையில், நாலு கட்டைக் கால்களோடு, பெட்ஷீட் போர்த்தி ஒரு பெரிய மரப்பெட்டி நின்றது. அதன் மேல் தலையணைகள் அடுக்கியிருந்தன.

"என்ன பாக்குறீங்க? டிவிதான்" என்றார் பாய். "சிங்கப்பூர்ல வாங்குனது. கப்பல்ல கொண்டாந்தேன். அப்ப இந்தப் பக்கம் டிவியே கிடையாதுல்ல, சும்மா பாத்துக்கிட்டு இருந்தோம். அதாவது, பெட்டியப் பாத்துக்கிட்டு இருந்தோம். இப்ப திருச்சியில டவர் போட்டு டில்லிப் படம் வருதுங்கிறாங்க. ஒயரைச் சொருவிப் பாத்தேன், உசிரே இல்ல. மவன் துபாய்லேர்ந்து கலர் டிவி கொண்டாரான். இதை எங்க தூக்கிப் போடுறதுன்னு வீட்ல சத்தம் போடுறாங்க."

டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, பாய் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டார்.

"உங்களுக்கு டிவி வேலை தெரியுமா வேம்பு?"

வேம்பு தன் வாழ்நாளில் டிவி பார்த்தது ஒரு தடவை. பெரம்பலூரில் ஒரு கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். அதுவும் பாதியில் கரண்டு போய்விட்டது.

"எல்லாம் காயில்தானே பாய்" என்றான்.

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப எடுத்துட்டுப் போங்க. ஓடுச்சுன்னா உங்களுக்கே. ஓடலைன்னாலும் உங்களுக்கேதான். திருப்பி மட்டும் கொண்டாந்துடாதீங்க."

பஸ்ஸில் டிவியைக் கடைசி சீட்டில் உட்காரவைத்து, விழாமல் கட்டிப்பிடித்தபடி வந்தான் வேம்பு. ஏறுகிற ஒவ்வொருவரும் பீரோவா, தையல் மிஷினா, புறாக்கூண்டா என்று கேட்டார்கள். அவன் "டிவி" என்றான். "ஓடுமா?" என்றார்கள். "ஓடும்" என்றான். குன்னத்தில் பஸ் நின்றபோது ஊரில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருந்தது. மீதிப் பாதிக்கு, தலைச்சுமையாக அதைத் தெருவழியே கொண்டுபோனபோது தெரிந்துபோயிற்று.

அவன் பெண்சாதி சின்னம்மாள் முறத்தில் சின்னவெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த வருசம் நல்ல விளைச்சல். வீட்டில் பாதி இடம் வெங்காயம், மீதி இடம் இவர்கள்.

"இது என்னங்க?"

"டிவி."

"யாரு ரிப்பேர் பண்ணப்போறது?"

வேம்பு பெட்டியின் மேல் இருந்த தூசியைத் துண்டால் துடைத்தான். சின்னம்மாள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பதினாறு வயதில் அவனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். அந்தத் துடைப்பின் அர்த்தம் அவளுக்குப் புரியும். வெங்காயத்தைக் காலால் ஒதுக்கி, பெட்டிக்கு இடம் பண்ணிக் கொடுத்தாள்.

பின்பக்க அட்டையைக் கழற்றியதும் முதலில் வெளியே வந்தது ஒரு எலிக் குடும்பம். அது போன பிறகு பார்த்தால் உள்ளே ஒரு ஊரே இருந்தது. கட்டைவிரல் தடிமனில் வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள். அதுதான் வால்வு. பழைய ரேடியோவில் அவற்றைப் பார்த்திருக்கிறான். நடுவில் பெரிய சுரைக்குடுக்கை மாதிரி பிக்சர் டியூப். அதன் கழுத்தில் மட்டும் அவனுக்குத் தெரிந்த ஒரு பொருள் இருந்தது. காயில். அதைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி வேம்புக்கு நெஞ்சில் தெம்பு வந்தது.

ஒயரைச் சொருகினான். எரிய வேண்டிய வால்வுகளில் சில எரிந்தன. உர்ரென்று ஒரு சத்தம், கருகல் வாசனை. சட்டென்று ஒயரைப் பிடுங்கிவிட்டு, டியூபின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ரப்பர் மூடி எதற்கு என்று பார்க்க விரலை விட்டான். அடுத்த நொடி அவன் வெங்காயக் குவியலில் மல்லாந்து கிடந்தான்.

சின்னம்மாள் ஓடிவந்து தூக்கினாள். "ஒயரைத்தான் புடுங்கிட்டீங்களே, அப்பறம் எப்படி அடிச்சிச்சு?"

வேம்புக்கு நாக்கு இன்னும் சரியாகத் திரும்பவில்லை. இருந்தாலும் சொன்னான்.

"இது நம்மூரு கரண்டு இல்ல. சிங்கப்பூர் கரண்டு. உள்ளயே தங்கிருக்கு."

அதிலிருந்து சின்னம்மாள் பெட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் கொஞ்சம் ஒதுங்கியே போனாள். வேம்புவும் அப்படித்தான். ஒரு நீளமான திருப்புளிக்குக் கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றி, ஒயர் கட்டி, மறுமுனையைப் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் மாட்டி, அந்த ரப்பர் மூடிக்குள் விட்டு, தங்கின கரண்டைச் சடக்கென்று ஒரு பொறியாகக் கக்கவைத்த பிறகுதான் கையை உள்ளே விடுவான். மத்தியானத்தில் டீக்கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டு டிவிமுன் உட்கார்ந்தான். உப்பிப்போன கண்டன்சர்களை மாற்றினான். எரியாத வால்வைக் கைக்குட்டையில் பொதிந்து திருச்சிக்குக் கொண்டுபோய், பழைய ரேடியோ சாமான் விற்கிறவரிடம் காட்டி ஜோடி வாங்கிவந்தான். எலி கடித்த ஒயர்களையெல்லாம் புதுசாக ஈயம் பற்றவைத்தான். புரியாத இடத்தில் ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பான். அந்த நேரத்தில் அவன் முகத்தில் ஒரு பொய்யும் இருக்காது என்று சின்னம்மாள் பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்குப் பின்னால் சவுக்குக் கம்பம் நட்டு ஆண்டெனா ஏற்றிய அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலமே வீடு நிறைந்துவிட்டது. பூமாலை கடையைச் சாத்திவிட்டு, பெண்சாதி ரெங்கம்மாளையும் மகள் சிந்தாமணியையும் அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வேம்பு சுவிட்சைப் போட்டான். வால்வு சூடேற நேரம் பிடிக்கும். முதலில் சத்தம் வந்தது. ஒரு ஆள் இந்தியில் தெளிவாகப் பேசினார். ஜனங்கள் கைதட்டினார்கள். அப்புறம் திரையின் நடுவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பளீரென்று ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது.

கோடுதான். அதற்கு மேலும் ஒன்றும் இல்லை, கீழும் ஒன்றும் இல்லை.

ஊரே அந்தக் கோட்டை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்துப் பூமாலை மெல்லக் கேட்டார்.

"வேம்பு, இதான் டிவியா?"

"இது ஆரம்பம்ணே. எல்லாப் படமும் அந்தக் கோட்டுக்குள்ளதான் சுருட்டி வச்சிருக்கு. விரிஞ்சா படம்."

"எப்ப விரியும்?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை."

அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னாலும், அதில் பாதி நிஜம். டியூபின் கழுத்தில் இருந்த காயிலில், படத்தை மேலும் கீழும் விரிக்கிற சுற்று அறுந்துபோயிருந்தது. டெஸ்ட் விளக்கு வைத்துப் பார்த்ததுமே வேம்பு கண்டுபிடித்துவிட்டான். இது அவனுடைய ராஜ்யம். தலைமுடி மாதிரி கம்பி. பழைய சுற்றைப் பிரித்து, எத்தனை சுற்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே, அதே அச்சில் புதுக்கம்பியை இழுத்துச் சுற்றினான். சின்னம்மாளைப் பேச விடவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டையும் கத்த விடவில்லை. சனிக்கிழமை முடித்து டியூபின் கழுத்தில் மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி கோடு விரிந்தது. படம் வந்தது. தலைகீழாக வந்தது.

மனிதர்கள் கூரையில் நடந்தார்கள். கார்கள் சக்கரத்தை ஆகாசத்தில் வைத்து ஓடின. செய்தி வாசிக்கிற அம்மாள் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு சிரித்தாள். கூட்டம் வேம்புவைத் திரும்பிப் பார்த்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"டில்லிக்காரன் அப்படித்தான் அனுப்புறான்."

"ஏன் அப்படி அனுப்புறான்?" என்றாள் ரெங்கம்மாள்.

இதற்கு வேம்பு வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. பூமாலையே விளக்கிவிட்டார். "என்ன கேள்வி கேக்குற? மேல ராக்கெட்டுலேர்ந்து வருதுல்ல. மேலேர்ந்து குதிக்கிறவன் தலைகீழாத்தான வருவான்?"

ஆமாம், ஆமாம் என்றது கூட்டம். கொஞ்ச நேரம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்கள். சிலர் பின்பக்கம் திரும்பிக் குனிந்து காலிடுக்கு வழியாகப் பார்த்தார்கள். கழுத்து வலி தாங்காமல் கடைசியில் நாலு பேர் சேர்ந்து பெட்டியையே கவிழ்த்து வைத்தார்கள். நாலு கட்டைக் கால்களும் செத்த ஆடு மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருந்தன. ஆனால் திரையில் மனிதர்கள் நிமிர்ந்து நின்றார்கள். வேம்பு நிம்மதிப் பெருமூச்சு விட்டான்.

அன்றைக்கே விளம்பரம் ஒன்று வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

"அய்யே!" என்றாள் ரெங்கம்மாள். "இடது கையால சாப்புடுறாங்க!"

உண்மைதான். குடும்பமே இடது கையால் அள்ளி வாயில் வைத்துக்கொண்டிருந்தது. அடுத்து வந்தவன் இடது கையால் பல் துலக்கினான். ஒரு பெரிய மனிதர் இடது கையால் ஆசீர்வாதம் பண்ணினார். பெண்கள் எல்லாரும் முந்தானையை வலது தோளில் போட்டிருந்தார்கள். திரையில் ஓடிய எழுத்துகளும் தாறுமாறாகத்தான் இருந்தன. ஆனால் அது இந்தி. எந்தப் பக்கம் இருந்தால் சரி என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

"வடக்க அப்படித்தானா வேம்பு?" என்று கேட்டார் பூமாலை.

"குளிரு தேசம்ணே" என்றான் வேம்பு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

காரணம் மறுநாளே அவனுக்குப் பிடிபட்டது. புதுசாகக் கட்டிய மோட்டார் ஒன்றை ஓட்டிக் காட்டினான். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. வந்தவர் பதறினார். "ஒண்ணும் இல்லைங்க, கம்பி முனை ரெண்டையும் மாத்திக் குடுத்துட்டா நேராச் சுத்தும்" என்று சொன்ன வேம்பு, சொன்ன வாயோடு அப்படியே நின்றுவிட்டான். டிவிக் காயிலிலும் முனை மாறித்தான் விழுந்திருக்கிறது. அதனால்தான் படம் தலைகீழ். தலைகீழ்ப் படத்தை நிமிர்த்துவதற்காகப் பெட்டியைக் கவிழ்த்ததால் வலது இடதாகிவிட்டது. ஈயத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தால் இரண்டு நிமிஷ வேலை.

ஆனால் எப்படிச் செய்வது? டில்லிக்காரன் அனுப்புவதே அப்படித்தான் என்று ஊரைக் கூட்டிவைத்துச் சொல்லியாகிவிட்டதே. பெட்டியை நிமிர்த்தினால் வேம்பு கவிழ்ந்துவிடுவான். விட்டுவிட்டான். ஊரும் பழகிக்கொண்டது. நீட்டிக்கொண்டிருந்த கால்களில் ஆண்டெனா ஒயரைச் சுற்றிவைத்தார்கள். ஒரு காலில் சின்னம்மாள் முறத்தை மாட்டினாள்.

ஆவணி பிறந்ததும் சிந்தாமணிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மீன்சுருட்டி, பெயர் அய்யாக்கண்ணு. டில்லியில் ஒரு தமிழாள் ஓட்டலில் சரக்கு மாஸ்டர். லீவில் வந்தவன் பெண்ணைப் பார்த்தான். பிடித்துப்போயிற்று. சிந்தாமணிக்கும் பிடித்துப்போயிற்று என்பது, அன்று அவள் போட்ட காபியில் சர்க்கரை இரண்டு மடங்கு இருந்ததிலிருந்தே தெரிந்தது. கல்யாணத்துக்கு நாள் குறிக்க உட்கார்ந்தபோது ரெங்கம்மாள் குறுக்கே விழுந்தாள்.

"இடது கையால திங்கிற ஊருக்கு எம்பொண்ண அனுப்ப மாட்டேன். அந்தப் பையன் அந்த ஊர்ல சமையக்காரன் வேற. எந்தக் கையால மாவு பெசையிறானோ?"

"பொண்ணு பாக்க வந்தப்ப வலது கையாலதானடி சாப்புட்டான்?" என்றார் பூமாலை.

"நம்மளப் பாத்து மாத்திக்கிட்டு நடிச்சிருப்பான்."

மறுநாள் சிந்தாமணி வேம்புவின் பட்டறை வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"சித்தப்பா, டில்லிக்காரங்க நெசமாவே இடது கையாலதான் சாப்புடுறாங்களா?"

வேம்பு கையிலிருந்த கம்பிச் சுருளைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "விசாரிச்சுச் சொல்றேன்மா" என்றான்.

அவனுக்கு ஒரு வழி தோன்றியது. காயிலில் இரண்டு ஜோடி ஒயர். ஒரு ஜோடி மேல் கீழுக்கு, இன்னொரு ஜோடி இடம் வலத்துக்கு. கவிழ்ந்த பெட்டி கவிழ்ந்தபடியே இருக்கட்டும். இடம் வலம் ஒயரை மட்டும் மாற்றிவிட்டால், டில்லிக்காரர்கள் வலது கையால் சாப்பிடுவார்கள். தன் வார்த்தையும் கெடாது, கல்யாணமும் கெடாது. சின்னம்மாள் களத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாற்றிவைத்துவிட்டு, டீக்கடையில் போய்ச் சொன்னான்.

"அண்ணே, சேதி தெரியுமா? டில்லியில கைய மாத்திட்டாங்களாம். இனிமே வலது கைதானாம்."

"யாரு சொன்னா?"

"அரியலூர்ல பேசிக்கிட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பார்த்தது. அதே குடும்பம், அதே சாப்பாடு, வலது கை. எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். வேம்பு ரெங்கம்மாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து சேலையை உதறினாள்.

"போன வாரம் அந்தக் கை, இந்த வாரம் இந்தக் கை. ஒரு வாரத்துல கைய மாத்துற ஊரு, நாளைக்குப் பொண்டாட்டிய மாத்தாதுன்னு என்ன நிச்சயம்? சம்பந்தம் வேண்டாம்னு நாளைக்கே சொல்லி அனுப்பிடுங்க."

சிந்தாமணி விசும்பிக்கொண்டே வெளியே ஓடினாள். கூட்டம் சலசலத்தது. வேம்பு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சிந்தாமணி ஓடிய வாசலைப் பார்த்தான்.

"அண்ணி, இருங்க. எனக்கு டிவி வேலை தெரியாது" என்றான்.

கூட்டம் பெட்டியை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தது.

"டில்லிக்காரங்களும் நம்ம மாதிரிதான் சாப்புடுறாங்க. நான்தான் ஒயரை மாத்தி வச்சிட்டேன். படம் தலைகீழா வந்தப்ப காரணம் தெரியல எனக்கு. தெரியும்னு சொல்லிட்டேன்."

ரெங்கம்மாள் அவனை உற்றுப் பார்த்தாள். அப்புறம் பூமாலை பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா, தம்பிக்கு நம்ம பொண்ணு மேல எவ்வளவு பாசம்! கல்யாணம் நடக்கணும்னு, தனக்கு டிவி வேலை தெரியாதுன்னு பொய் சொல்லுது."

"நெசமா தெரியாது அண்ணி!"

"உனக்கா? உனக்குத் தெரியாதா?" பூமாலை சிரித்தே விட்டார். "போப்பா, லாரிக்காரனுக்கே வழி சொன்ன ஆளு நீ."

வேம்புக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரியாது என்று சொல்கிறான், நம்புவதற்கு ஒரு நாதி இல்லை. அப்போது சின்னம்மாள் எழுந்து வந்தாள்.

"வாயால சொன்னா யாரு நம்புவா? கையால செஞ்சு காட்டுங்க" என்றாள்.

திரையில் செய்தி வாசிக்கிற அம்மாள் வந்திருந்தாள். முந்தானை இடது தோளில். வேம்பு சுவிட்சை அணைத்தான். நீளத் திருப்புளியால் பொறியைக் கக்கவைத்தான். ஈயம் வைக்கிற கம்பியைச் சூடாக்கி, இடம் வலம் ஒயர் இரண்டையும் மாற்றி ஒட்டி மறுபடி போட்டான். வால்வு சூடேறுகிற வரை எல்லாரும் திரையையே பார்த்தார்கள். அதே அம்மாள் வந்தாள். முந்தானை வலது தோளில்.

"அக்கா, நல்லா யோசிங்க" என்றாள் சின்னம்மாள். "இவரு ஒயரை ஒட்டுன நேரத்துக்குள்ள அந்தம்மா சேலைய அவுத்து, மாத்திக் கட்டிக்கிட்டு வந்து மறுபடி நாற்காலியில உக்காந்திருக்க முடியுமா? அதுவும் அத்தன ஆம்பளைங்க இருக்கிற ஆபீஸ்ல?"

ரெங்கம்மாள் வாயில் கைவைத்தாள். சேலை கட்டுகிற நேரம் தெரிந்த எல்லாப் பெண்களும் தலையை ஆட்டினார்கள். அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்துபோயிற்று.

"இன்னொரு தடவ மாத்து" என்றாள் ரெங்கம்மாள், சந்தேகத்துக்காக இல்லை, ஆசைக்காக. வேம்பு மாற்றினான். தோள் மாறியது. அப்புறம் மேல் கீழ் ஒயரை மாற்றச் சொன்னார்கள். அந்த அம்மாள் தலைகீழானாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. செய்தி முடிவதற்குள் அவளை எத்தனை விதமாகப் புரட்ட முடியுமோ அத்தனை விதமாகவும் புரட்டிப் பார்த்துவிட்டார்கள். கடைசியில் நாலு பேர் பெட்டியை நிமிர்த்தி, அதன் சொந்தக் காலில் நிற்கவைத்தார்கள். வேம்பு ஒயர்களைச் சரியான இடத்தில் ஒட்டி முடித்தான். படம் நேராக வந்தது.

தன் மானம் போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் மறுநாள் பட்டறையைத் திறந்தான். வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் பெரம்பலூரிலிருந்து கெட்டுப்போன டிவியோடு வந்திருந்தார்.

"டில்லியில இருக்கிற பொம்பளையவே முந்தானைய மாத்திப் போட வச்சீங்களாமே? இத ஒரு கை பாருங்க" என்றார்.

வேம்பு தனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தான். பெரிய ஆள் எப்பவும் அப்படித்தான் அடக்கமாகப் பேசுவார் என்று சொல்லி, பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஐப்பசியில் சிந்தாமணி கல்யாணம் நடந்தது. அய்யாக்கண்ணு அவளை டில்லிக்கு அழைத்துக்கொண்டு போனான். ரெங்கம்மாள் ஒரு வாரம் அழுதாள். அப்புறம் அவளுக்கு ஒன்று தோன்றியது. டிவியில் வருவது டில்லிதானே? அன்றிலிருந்து கூட்டம் தெரிகிற எந்தப் படமானாலும், வேம்பு வீட்டுக்கு வந்து பெட்டிக்கு நெருக்கமாக உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகத் தேட ஆரம்பித்தாள். "நீலச் சேலை கட்டிக்கிட்டுப் போனா" என்பாள். "இது கருப்பு வெள்ளை அக்கா" என்பாள் சின்னம்மாள். "எம்பொண்ணு நீலம் எனக்குத் தெரியாதா?" என்பாள்.

தை மாதம், குடியரசு தின அணிவகுப்பைக் காலையிலிருந்தே காட்டினார்கள். யானை போயிற்று, ஒட்டகம் போயிற்று, பீரங்கி போயிற்று. ரெங்கம்மாளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து திரையில் விரலை வைத்தாள்.

"அந்தா! அந்தா எம்பொண்ணு!"

தலையில் மப்ளர் சுற்றிய, முகம் தெரியாத ஒரு உருவம் அரை நொடி வந்து போயிற்று. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது. எல்லாரும் வேம்பு பக்கம் திரும்பினார்கள்.

"தம்பி, நீ பாத்தல்ல? அது சிந்தாமணிதானே?"

வேம்பு ரெங்கம்மாளின் முகத்தைப் பார்த்தான்.

"அவதான் அண்ணி" என்றான். "முன்னைக்கு இப்ப கொஞ்சம் சதை போட்டிருக்கு."

ரெங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். மகள் டிவியில் வருகிற நேரம் பார்த்து கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்ததற்காகப் பூமாலையை அவள் திட்டிய திட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது.